ரப்பர் இல்லாத ஒரு வருஷம்

பிள்ளைகளை ஒரு வருஷம் எங்கேயும் சேரவிடாமல் பிடித்து வைத்திருப்பதுதான் என் தொழில். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, டிசைனோ ஓவியமோ படிக்க ஆசைப்படுகிறவர்கள், கல்லூரிக்குப் போகும் முன் ஒரு வருஷம் என்னிடம் வந்து பார்க்கவும் வரையவும் களிமண் பிசையவும் பழகுகிறார்கள். கேரளத் தலைநகரின் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு பெருங்காயக் கடையின் மாடிதான் எங்கள் இடம். 'இதுல என்ன பிரயோஜனம்?' என்ற கேள்விக்குத் தினமும் பதில் சொல்லிப் பிழைக்கிற பாட்டு டீச்சர்கள், யோகா மாஸ்டர்கள், கராத்தே அண்ணன்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்கு இது புரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. நல்ல மார்க் வாங்கி, பதினேழு வயதில் நேராக டிசைன் கல்லூரிக்குள் நுழைந்து, இரண்டாம் வருஷம் பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவன் நான். கை வேகமாக ஓடியது, கண் எதையும் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கடையை விரித்தேன். வகுப்பில் நான் உட்கார்ந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

போன வருஷம் ஜூனில் கோமதியை அவள் அப்பா கூட்டிவந்தார். சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குப் பக்கத்துத் தெருவில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். பூர்வீகம் தென்காசிப் பக்கம். படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "ஒரு வருசம் தாறேன், சாரே. அதுக்கு மேல ஒரு நாளு கிடையாது. எடம் கெடைக்கலன்னா அடுத்த ஜூன்ல பி.காம்."

பிஸ்கட் டப்பா

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் எல்லாருடைய ரப்பரையும் பிடுங்கி, பெயர் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவோம். வருஷம் முடிந்து போகும்போதுதான் திரும்பக் கிடைக்கும். தப்பாகப் போட்ட கோட்டை அழிக்காமல், பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட வேண்டும்.

கோமதி வரும்போது ஒரு நடிகரின் முகத்தை வரைந்து கொண்டுவந்திருந்தாள். போனில் பார்த்து, இமை மயிர் ஒவ்வொன்றாக, பதினேழு நாள் உழைப்பு. நான் அதைச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்து, மூலையில் கிடந்த முக்காலியை வரையச் சொன்னேன். மூன்று வாரம் முக்காலி. ஒன்று நொண்டியது, ஒன்று பறந்தது, ஒன்றுக்கு நாலு கால் இருந்தது. அவள் அழுதாள், நான் நடந்தேன்.

ஒரு சாயங்காலம் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். தரையில் பரப்பியிருந்த முக்காலிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகள் காதில் விழாமல் வருத்தத்தோடு சொன்னார்: "முன்னெல்லாம் எம்பிட்டு நல்லா வரஞ்சிட்டு இருந்தா. இங்க வந்துதான் சாரே கெட்டுப் போயிட்டு."

தேங்காய் எறிகிறவர்கள்

ஆகஸ்டில் வெளியே கிளம்புவோம். கோமதியைப் பழவங்காடிக்கு அனுப்பினேன். பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் எறிகிறவர்களை வரைய வேண்டும். கை ஓங்கிய ஒரு மனிதரை வரைந்து வந்தாள். தோள் நன்றாக வந்திருந்தது. ஆனால் முகத்தில் உயிரில்லை என்று எனக்குத் தோன்றியது. "கண்ணுல தீ வேணும்மா, தீ!" என்று நானே பென்சிலை வாங்கி, இரண்டு கண்ணையும் அகலமாகத் திறந்துவிட்டேன். குருவுக்கே உரிய பெருமிதத்தோடு திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் அவள் அதே படத்தோடு அங்கே போய் நின்றிருக்கிறாள். பக்கத்தில் தேங்காய் விற்கிற அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அதற்கப்புறம் மூன்று நாள் காலையில் அங்கேயே நின்று, எறிகிறவர் ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். நானும் முப்பது வருஷமாக அந்த வழியாகப் போகிறவன்தான். அந்த அக்கா சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்: "இதாரு மோளே, இப்படி முழிக்கறது? செதறு தெறிக்கும்னு எல்லாரும் கண்ணப் பொத்திட்டுதான் எறிவாங்க."

நூறு கைகள்

அக்டோபர் மாதம் கைகளுக்கு. ஆளுக்கு நூறு கை வரைய வேண்டும். அந்த வருஷம் விவேக் என்று ஒருவன் இருந்தான். சித்தப்பா மகன் டிசைன் படித்து பெங்களூரில் நன்றாக இருக்கிறான் என்பதால் அவனும் டிசைன் படிக்க வந்தவன். கைகளுக்காக அவன் ஒரு பிசியோதெரபி கிளினிக்கைக் கண்டுபிடித்தான். பக்கவாதம் வந்தவர்களின் மடங்கிய விரல்களை வரைந்தான். அறுபத்தோராவது கையோடு படம் நின்றது. அவன் மட்டும் தினமும் அங்கே போய்க்கொண்டிருந்தான். நவம்பரில் வந்து, தனக்குக் கையை வரைய ஆசையில்லை, பிடித்து நிமிர்த்தத்தான் ஆசை என்றான்.

நான் குதித்தேன். ஆறு மாதம் போச்சே என்றேன். வேலை செய்கிற பாங்கிலிருந்து அவன் அம்மா நேராக வந்தபோது, திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். நின்றேன் என்ன, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். அவர் என்னிடம் இரண்டே வாக்கியம் பேசினார்: "நேரா காலேஜ்ல போட்டிருந்தா நாலு வருஷம் கழிச்சு இதச் சொல்லியிருப்பான், அல்லே சாரே? இப்பவே சொல்லிட்டான்."

இது ஆரியசாலை முழுவதும் பரவியது. அண்ணாச்சி அன்று மாலையே படியேறிவிட்டார்: "அப்ப எம்மவளும் பாதியில வேண்டாம்னு வந்திருவாளா? அதயும் இப்பமே சொல்லிருங்க."

சிவப்பு

ஜனவரி நிறங்களின் மாதம். டியூபில் இருக்கிற சிவப்பை அப்படியே பூசக்கூடாது. கண்ணால் பார்த்த நிறத்தைக் கலந்து கொண்டுவர வேண்டும். கோமதி அப்பாவின் குடோனில் போய் உட்கார்ந்தாள். மூட்டைக்கு மூட்டை நகர்ந்து, ஒரே தாளில் அறுபத்து நாலு கட்டம், அறுபத்து நாலும் சிவப்பு. தும்மித் தும்மி மூக்கு அறுபத்தைந்தாவது சிவப்பாக இருந்தது.

பிப்ரவரியில் அண்ணாச்சி பி.காம் விஷயமாகச் சண்டை போடவே வந்தார். சுவரில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு அருகே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "குண்டூரு... இது முண்டு... இது காஷ்மீரி" என்று கட்டம் கட்டமாக விரல் வைத்து வத்தல் ரகத்தைச் சொன்னார். கீழ் வரிசையில் மங்கிய ஒரு கட்டத்தில் விரல் நின்றது. வந்த விஷயத்தை மறந்துவிட்டு, பாதி கோபமும் பாதி பிரமிப்புமாக என்னைப் பார்த்தார்: "இது போன வருசத்துச் சரக்குல்லா! பின்னால மறச்சு அடுக்கியிருந்தேனே, இத இவ எப்பம் பாத்தா?"

கடைசி வாரம்

கோமதியின் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் பழைய வியாதி வந்துவிட்டது. முக்காலிகள், கண்ணை மூடிக்கொண்ட மனிதர்கள், சிவப்புக் கட்டங்கள். இதைப் பார்த்து யார் இடம் கொடுப்பார்கள்? எனக்கு ராத்தூக்கம் போயிற்று. வருஷம் முழுக்க நான் பிரசங்கம் செய்ததையெல்லாம் மடித்து வைத்துவிட்டு, அந்த நடிகர் படத்தை எடுத்து ஃபைலின் மேலே வைக்கச் சொன்னேன். முக்காலியின் தப்புக் கோடுகளைக்கூட கொஞ்சம் அழித்துச் சுத்தமாக்கலாமே என்று பிஸ்கட் டப்பாவையே திறந்துவிட்டேன். கோமதி என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள்.

களிமண் வகுப்பு எடுக்கிற சிந்து டீச்சர் கையைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "சாரும் மொதல்ல இவிட ஒரு வருஷம் படிக்கணும்."

தும்மல்

கோமதி நடிகரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். சிவப்புத் தாளை மேசையில் விரித்ததும் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த மூன்று பேரும் வரிசையாகத் தும்மியிருக்கிறார்கள். குடோனில் ஏறிய மிளகாய்த் தூசி தாளிலேயே இருந்திருக்கிறது. ஏன் என்று கேட்டார்கள். அவள் இருபது நிமிஷம் வத்தல் பற்றியே பேசிவிட்டு வந்தாள். "அவங்க கண்ணு கலங்கிட்டு, சார்" என்றாள். தும்மலாலா பேச்சாலா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது. ஜூனும் பிறந்துவிட்டது. அண்ணாச்சி கையில் பி.காம் விண்ணப்பத்தோடு படியேறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தேன். ஒரு வருஷம் அவளைப் பிடித்து வைத்து, கடைசியில் நானே கெடுத்தேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அதற்குள் அண்ணாச்சிக்கு அவர் மச்சான் போன் செய்துவிட்டார். புள்ளைக்கு ஒரு வருஷம் பாழாப்போச்சே என்று அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. அண்ணாச்சி விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேசினார். என் கையில் துடைப்பம் நின்றுவிட்டது. அவர் சொன்ன வத்தல் கணக்கில், பதினேழு வயதில் ஈரத்தோடு மூட்டை கட்டி அனுப்பப்பட்டவன் நான்தானே. அவர் சொன்னது இதுதான்: "காயாத வத்தல மூட்டையில கட்டினா என்னாவும்வே? மேல செவப்பாத்தான் இருக்கும், உள்ள பூசணம் பிடிச்சிரும். அவ காஞ்சிட்டா, பாத்துக்கிடும். எடம் வாறப்ப வரட்டும்."

டப்பாவில் மிஞ்சியது

பதினாறு நாள் கழித்து இடம் வந்தது. ஐந்தாவது பெயர்வரைக்கும் பட்டியல் நகர்ந்திருந்தது. அந்தப் பதினாறு நாளில் நான் மாடியில் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் தென்காசி போய்ச் சேர்ந்திருப்பேன்.

கிளம்புகிற அன்று கோமதி வந்தாள். வழக்கப்படி டப்பாவைத் திறந்து, அவள் பெயர் எழுதிய ரப்பரை எடுத்து நீட்டினேன். ஒரு மூலைகூடத் தேயாத புது ரப்பர். அவள் வாங்கவில்லை. என் உள்ளங்கையை மடக்கி அதை உள்ளேயே வைத்து மூடிவிட்டாள்: "நீங்க வச்சுக்கோங்க, சார். கடைசி வாரம் உங்களுக்குத்தான் தேவைப்பட்டுது."

பிள்ளைகளுக்கு இந்த ஒரு வருஷம் தாராளமாகப் போதுமானதாக இருக்கிறது. பதினொரு வருஷமாக இங்கேயே இருக்கிற எனக்குத்தான் எந்தப் பட்டியலிலும் பெயர் வந்தபாடில்லை.