சிவப்பு வண்டு

கத்தரி வயலுக்குள் போனதும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான். இலையைத் திருப்பினால் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இல்லை. அடுத்த செடியிலும் இல்லை. ஏழெட்டுச் செடி தள்ளிக் குனிந்தபோது மண்ணில் பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. அப்புறம்தான் அந்த நெடி மூக்கில் ஏறியது. எங்கள் வீட்டு நெடி. தினமும் சாயங்காலம் அத்தையின் சட்டையோடு உள்ளே வரும் நெடி.

அத்தை என் அப்பாவின் தங்கை. இருபத்திரண்டு வருடங்களாகக் கூலிக்கு வயல்களில் பூச்சிமருந்து அடிக்கிறாள். பதினாறு லிட்டர் டேங்க் தொங்கித் தொங்கி இடது தோள் இறங்கிவிட்டது. எல்லோருக்கும் அவள் மருந்துக்காரம்மா. தெளிப்பான் முனை அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவாள், துப்புவாள், மறுபடி அடிப்பாள். திட்டினால், "என்னைக் கடிச்ச கொசு உயிரோட வீடு போய்ச் சேர்ந்ததில்ல" என்று சிரிப்பாள்.

எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. கிடைத்த வேலை, வயலில் மருந்தைக் குறைப்பது. விவசாயிகள் சங்கம் அரை ஏக்கர் கொடுத்தது. பூச்சியைத் தின்னும் பூச்சிகளை வரவழைக்க, கத்தரிக்கு நடுவே கொத்தமல்லி, சுற்றிலும் செண்டுமல்லி, வரப்போரம் மக்காச்சோளம். ஐம்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு மருந்துகூட இல்லை. அசுவினி ஏறியது. பின்னாலேயே பொறிவண்டு வந்து அதைத் தின்னத் தொடங்கியது. வண்டுகள் செத்துக் கிடந்த அன்றுதான், காலை பத்து மணிக்கு நான்கு விவசாயிகள் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்திருந்தால் அடுத்த போகம் அவர்கள் வயலிலும் இதே முறை.

வீட்டுக்கு ஓடினேன். அத்தை குழாயடியில் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, என் வயலுக்கு நீங்க போனீங்களா?"

"போனேன். நேத்துச் சாயங்காலம். ஒரே ஒரு டேங்க்தான்."

"ஏன் அத்தை?"

"இலைக்கடியில பூச்சி அப்பிக் கிடந்துச்சு. நாலு பேர் பார்த்தா உன் படிப்பைத்தானே சிரிப்பாங்க? யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன், பயப்படாத."

"அதைத் திங்கத்தான் வண்டு வந்திருந்துச்சு. சிவப்பா, புள்ளி வச்சு."

அத்தையின் கை நின்றது. "அதுவா? அதைத்தான நான் எந்த வயல்லயும் முதல்ல அடிப்பேன். கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியும்."

"அது நம்ம பக்கம் அத்தை."

அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டேங்கிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "இருபத்திரண்டு வருஷம்" என்றாள். "ஒருத்தரும் சொல்லலியே."

சங்கத்துக் கூடத்தில் திரை கட்டி நாற்பது பேருக்கு அந்த வண்டின் படத்தைக் காட்டியவள் நான். ஒரே கூரையின் கீழ் தூங்கும் அத்தைக்குக் காட்டவில்லை. மருந்து வாங்குகிறவர்களைக் கூப்பிட்டேன். அடிக்கிறவளைக் கூப்பிடத் தோன்றவே இல்லை. தெரியாமல் நடந்ததா, அல்லது அவளுக்கு இது எதற்கு என்று நினைத்தேனா?

பத்து மணிக்கு நால்வரும் வந்தார்கள். அத்தையும் பின்னாலேயே வந்து நின்றாள். முன்னால் நின்ற பெரியவர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "அட, ஒரு பூச்சி இல்லையேம்மா. மருந்தே இல்லாமலா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டாள். "நான்தான் அடிச்சேன். அவளுக்குத் தெரியாது." நானாகச் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"அப்ப மருந்து ஜெயிச்சதைப் பார்க்கத்தான் எங்களைக் கூப்பிட்டியாம்மா?" என்றார் பெரியவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"வண்டு திரும்பி வரட்டும், அப்ப வந்து பாருங்க" என்றாள் அத்தை. "இனிமே இதுல நான் கை வைக்க மாட்டேன்."

"இதுல சரி. நாங்களும் இவ சொல்ற மாதிரி மாறிட்டா, உனக்கு வேலை ஏது மருந்துக்காரம்மா?"

பெரியவர் கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள், அதற்கும் நான் ஏதாவது யோசித்து வைத்திருப்பேன் என்பது போல. ஐம்பத்தெட்டு நாளில் ஒருமுறைகூட நான் அதை யோசித்ததில்லை.