கோப்பில் இருந்த ஒரு வரி

காலை ஏழு பதினெட்டு. கைப்பேசியில் கண்ணில் பட்டது, திரும்பி வந்திருந்த என் மின்னஞ்சல். நீங்கள் எழுதிய பெயரில் ஓர் இடமே இல்லை என்றது. ஒன்பது வருடமாக மனதுக்குள் திருத்தித் திருத்தி எழுதிய கடிதம் அது. அனுப்பி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

பூஜை அறையிலிருந்து தாழம்பூ ஊதுவத்தி மணம் வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த வாசனையில் பக்தி வருவதில்லை. வில்லியனூருக்கு மேற்கே, கரும்பு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் போட்ட தகர ஷெட்டில் ஓர் ஊதுவத்திக் கம்பெனி இருந்தது. நான் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் ஆள். மாலையில் கரையாம்புத்தூர் பஸ்ஸில் ஏறினால், பக்கத்தில் இருப்பவர் யார் செத்தது என்று மெதுவாகக் கேட்பார். சட்டை அப்படி மணக்கும்.

கம்பெனியின் மின்னஞ்சல்களை அனுப்பும் மெயில் சர்வர் பேக்கிங் பகுதியின் மூலையில் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுத்த ஆயுத பூஜை வரை அதன் நெற்றியில் இருக்கும். பேக்கிங்கில் இருந்த கஸ்தூரி அக்கா, சோரியாங்குப்பத்துக்காரர், தினமும் கேட்பார்: "இன்னாப்பா, உன் சாமி இன்னிக்காவது வாயத் தொறந்துச்சா?"

அஞ்சல் போக வேண்டுமானால், போகிற இடத்தின் பெயருக்கு என்ன எண் என்று சர்வர் வெளியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் இன்டர்நெட் லைன் இழுக்கும். பதில் வருவதற்குள் சர்வர் அலுத்துப்போய் விட்டுவிடும். நான் ஒரு குறுக்கு வழி செய்தேன். கம்பெனியைத் தாங்கிக்கொண்டிருந்த பிரான்ஸ் வியாபாரியின் சர்வர் பெயரையும் எண்ணையும் உள்ளேயே ஒரு கோப்பில் எழுதி வைத்தேன். இனி யாரையும் கேட்க வேண்டாம். வேலை செய்தது. எழுதியதை மறந்தும் போனேன்.

இரண்டு வருடம் கழித்து, பிரான்சுக்குப் போகும் அஞ்சல்கள் மட்டும் நின்றன. மூன்று நாள் தேடினேன். அந்தப் பெயரை நான் வெளியே கேட்டால் எண் சரியாக வந்தது. அஞ்சல் மட்டும் போகவில்லை. வியாபாரி போனில் கத்தியதும் மேனேஜர் என்னைப் பேக்கிங் பெண்கள் முன்னால் நிறுத்தினார். போட்டிக் கம்பெனிக்காக அஞ்சல்களை நான்தான் அழித்தேன் என்றார். இல்லை என்றேன்.

"உங்க அப்பன மாதிரி கரும்பு வெட்டப் போடா. அதுக்குத்தான் நீ லாயக்கு."

அப்பா நன்றாகவே வெட்டுவார்.

வேலை போய் வீடு திரும்பிய பஸ் நெட்டப்பாக்கத்தை நெருங்கும்போது, நான் எழுதி வைத்த கோப்பு ஞாபகம் வந்தது. வியாபாரி எண்ணை மாற்றியிருக்க வேண்டும்; நம் சர்வர் பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தது. என் கேள்வி கோப்பைப் பார்க்காமல் நேரே வெளியே போனதால் எனக்கு மட்டும் சரியான பதில். தவறு என்னுடையது. அழிக்க வேண்டியது ஒரு வரி. அரை நிமிட வேலை. நான் இறங்கவில்லை. ஜன்னலோரம் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். அவ்வளவு சுகமான பஸ் பயணம் பிறகு வாய்க்கவில்லை.

மேனேஜர் புதுச்சேரியிலிருந்து ஆள் மாற்றி ஆள் கூட்டிவந்தாராம். அவர்களும் என்னைப் போலவே வெளியே கேட்டார்கள், சரியான எண் கிடைத்தது, தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். கம்பெனி வேறு முகவரியிலிருந்து அனுப்பிய அஞ்சல்களை மோசடி என்று வியாபாரி ஒதுக்கிவிட்டான்.

மூன்றாவது வாரம் கஸ்தூரி அக்கா போன் செய்தார்.

"உனக்குத் தெரியும்பா. அந்தாளு கெடக்கறான் வுடு. நாங்க பதினோரு பொம்பளைங்க. இன்னா பண்ணணும்னு மட்டும் சொல்லு."

"தெரியலக்கா."

"நல்லா இருப்பா" என்று வைத்துவிட்டார்.

இன்று மேனேஜருக்கு எழுதியது அதைத்தான்: எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி. கரும்பு வெட்டுபவன் மகன் அரை நிமிடத்தில் சரிசெய்திருப்பான் என்று முடித்திருந்தேன். அது திரும்பியதும் சோதித்தேன். இந்த முறை முதலில் என் கம்ப்யூட்டரிலேயே அந்த மாதிரிக் கோப்பைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பிறகு மூன்று இடங்களில் கேட்டேன். கம்பெனியின் பெயர் யாரிடமும் இல்லை.

நேரிலேயே சொல்லிவிடலாம் என்று வண்டியை எடுத்தேன். பத்து மணிக்கு வில்லியனூரைத் தாண்டி அந்த இடத்தில் நின்றேன்.

ஷெட் இருந்த இடத்தில் கரும்பு நின்றது.