பாறை போட்ட சத்தம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படி ஏறியவன் நான் ஒருவன்தான். இங்கிலீஷ் பாடத்தில் எனக்குப் பிடித்தவை, அடி விழும் ஓசையை அப்படியே சொல்லும் வார்த்தைகள். ஈர மூட்டை தரையில் விழுந்தால் ‘தட்’. காய்ந்த மூங்கில் ஒடிந்தால் ‘கிராக்’. கதவில் விரலை மடக்கித் தட்டினால் ‘நாக்’. எங்கள் தட்டி வீட்டில் தட்டுவதற்குக் கதவு ஏது? ஆகவே அது மட்டும் எனக்குக் கனவு வார்த்தை.

மத்தியானங்களில் கண்ணை மூடிப் படுத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பேன். தூரத்தில் தங்கக் கல்லை இடிக்கும் மில் ஓயாமல் இடிக்கும். அந்தச் சத்தம் என் உதட்டிலிருந்துதான் புறப்படுகிறதோ என்று மயக்கமாக இருக்கும்.

ஒரு நாள் காலை, என் நைனாவும் கூட்டாளிகளும், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏற மாட்டோமென்று சுரங்க வாயிலில் நின்றுவிட்டார்கள். நேற்றிலிருந்து கீழே பாறை சத்தம் போடுகிறதாம். வெள்ளைக்காரத் துரையிடம் இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

துரை அலுத்துக்கொண்டார். தட் என்றுதானே கேட்டிருக்கும், முட்டுக் கொடுத்த மரம் அழுந்துகிற சத்தம் அது, பயப்படாமல் இறங்கச் சொல் என்றார்.

“நைனா, தொம்முனா கேட்டுது?”

“இன்னாடா தொம்மு! படீர்னுது. காஞ்ச மூங்கில் ஒடியற மாதிரி. எறங்கினா நாங்க திரும்ப மாட்டோம்னு சொல்லு.”

“கிராக், சார்,” என்றேன்.

துரையின் முகம் மாறியது. கேஜின் கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இன்றைக்கு அங்கே யாரும் இறங்க வேண்டாம் என்றார்.

வீடு வரும் வழியெல்லாம் நைனாவின் கூட்டாளிகளுக்குக் கேலி.

“இத்தினி நாள் படிச்சுட்டு, ஒத்த வார்த்தைதான் பேசினான்யா உன் புள்ள!”

“இன்னொன்னு பேசியிருந்தான்னா, தொரை நாளைக்கும் சேத்து லீவு குடுத்திருப்பாரு,” என்றார் நைனா.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மண்ணுக்கு அடியில் எங்கேயோ படீரென்றது. அடுக்குப் பானைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன.

“இன்னாங்க அது?” என்றாள் அம்மா.

நைனா களியை வட்டிலில் வைத்துவிட்டு, தரையில் உள்ளங்கையைப் பதித்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

“கிராக்,” என்றார், மெல்ல.

அம்மா இன்னொரு உருண்டைக் களியை அவர் வட்டிலில் வைத்தாள்.