முட்டை மிதந்த உப்புத்தண்ணீர்

சோளகக் காற்று எழும்பிய அன்று என் கணவரும் இன்னும் இருவரும் போன வள்ளம் திரும்பவில்லை. மற்றவை எல்லாம் கரை சேர்ந்துவிட்டன. எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். வீட்டுக்கும் கடற்கரைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை அவருடைய அக்கா, என் மச்சாள், ஒரு பை வெள்ளரிப்பிஞ்சோடு நானாட்டானிலிருந்து வந்து இறங்கினார்.

"இதைக் கழுவு. உப்புத்தண்ணியில போட்டுப் புளிக்க வைப்பம்."

"இப்ப இது தேவையோ, மச்சாள்?"

"கைக்கு வேலை வேணும். உனக்கு மட்டுமில்லை, எனக்கும்தான்."

எங்கள் கிணற்றுத் தண்ணீரே கரிக்கும். கோயிலடிக் கிணற்றில் நல்ல தண்ணீர் அள்ளிவந்து கொதிக்க வைத்து, கல்லுப்பைக் கரைத்தோம். இனி அது ஆறவேண்டும். அதுவரை பொறுத்திருக்க என்னால் முடியவில்லை. நான்கு தரம் கடற்கரைக்குப் போய் வந்தேன். வரும்போதெல்லாம் குசினிக்குள் நுழைந்து இன்னொரு பிடி உப்பைப் போட்டிருக்கிறேன். போட்டது எனக்கே தெரியாது.

ஆறியதும் உப்பின் அளவு பார்க்க மச்சாள் ஒரு முட்டையை அதற்குள் விட்டார். மெல்ல எழும்பி உச்சி மட்டும் தெரியவேண்டிய முட்டை, படுத்தபடி மிதந்தது.

"என்னடி செய்தனி? இவ்வளவு உப்பில புளிக்காது."

"மிதக்குதுதானே! மிதந்தால் போதாதோ?" என்று கத்தினேன்.

மச்சாள் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, தனியே வைத்திருந்த கொதித்தாறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரைசலைச் சரிப்படுத்தினார். பிஞ்சுகளைச் சாடியில் அடுக்கி அதை ஊற்றினார். அவை மேலே எழும்பாமல் கழுவிய கல்லொன்றை வைத்தார்.

நான் நாளுக்குப் பத்துத் தரம் மூடியைத் திறந்தேன். "திறந்து திறந்து பாத்தால் பூஞ்சணம் பிடிக்கும்," என்று அவர் ஏசினார். ஆனாலும் அவரும் வாசல் படலையடிக்குப் போய்ப் போய் வந்தார்.

சாடியில் நுரைக்குமிழ் கிளம்பிய நாளின் மத்தியானம் எங்கள் கோயில் பங்குச்சுவாமி சைக்கிளில் வந்தார். இறங்க முன்னமே சொன்னார்: "தந்தி வந்திருக்கு. எஞ்சின் பழுதாகி இந்தியக் கரையில ஒதுங்கியிருக்கினம். மூண்டு பேரும் உயிரோட இருக்கினம்."

மச்சாள் நிலத்தில் குந்திவிட்டார். எனக்கோ அப்போதும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

என் கணவர் வந்து சேர ஒன்றரை மாதமானது. மெலிந்து கறுத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு, "அடுத்த கிழமை கடலுக்கு வெளிக்கிடவேணும்," என்றார்.

"எஞ்சினை வடிவாப் பாத்திட்டுப் போங்கோ," என்றேன்.

அவர் சிரித்தார். நானும் மச்சாளும் சிரிக்கவில்லை.