அக்கா நல்ல பிள்ளையான மாதம்

எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாலு. அவளுடைய புத்தி மட்டும் நாலு வயதோடு நின்றுவிட்டதென்று ஊரில் சொல்வார்கள். எங்களுக்கு அம்மா இல்லை; அப்பா கடலுக்குப் போய்விடுவார். அதனால் அக்காவை முல்லைத்தீவில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் விட்டிருந்தோம். ஞாயிறு பூசை முடிந்ததும் சின்னம்மாவும் நானும் நாயாற்றிலிருந்து பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போவோம்.

அக்கா லேசுப்பட்டவள் அல்ல. நாங்கள் கொண்டுபோகும் பொரித்த மீனில் என் பங்கையும் பறித்துத் தின்பாள். சின்னம்மாவின் கையைக் கடித்துவிட்டு, கடித்த இடத்திலேயே கொஞ்சுவாள்.

ஆவணி விடுமுறையில் அவள் திடீரென்று திருந்திவிட்டாள். மூலையில் பேசாமல் இருந்தாள். மீனைத் தொடவில்லை.

"இப்பதான் எங்கட சொல்லுக் கேக்கிறா. தங்கமான பிள்ளை," என்று மகிழ்ந்தார் இல்லப் பொறுப்பாளர்.

முழு மீனும் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். அதோடு அக்கா முதன்முதலாக எனக்கொரு இரகசியம் சொன்னாள். தண்ணீர்த் தாங்கிக்குள் ஒரு மாமா இருக்கிறாராம். சோற்றில் நஞ்சு, தின்னாதே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

சின்னம்மாவுக்கு அந்த அடக்கம் பிடிக்கவில்லை. "இவள் என்னைக் கடிக்கேல்லையெண்டால் இவளுக்கு என்னவோ வருத்தம்!"

"இப்பிடியான பிள்ளையள் இப்பிடித்தானம்மா," என்றார் பொறுப்பாளர்.

"மற்றப் பிள்ளையள் எப்பிடியோ தெரியாது. இவள் இப்பிடியில்லை."

சின்னம்மா சண்டைபிடித்து, அக்காவை ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்; நானும் கூடப் போனேன்.

டொக்டர் அக்காவைச் சோதித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை சொல்லுங்கோ, அக்கா முந்தி எப்பிடி?"

யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். மீன், கடி எல்லாவற்றையும் முறையிட்டேன். அவர் சிரித்துச் சிரித்து எழுதினார். சொன்ன வேகத்தில் தாங்கி மாமாவும் வெளியே வந்துவிட்டார். சிரிப்பு நின்றது.

"எத்தினை நாளாச் சொல்லுறா?"

"மூண்டு ஞாயிறு."

அவர் பேனையை வைத்துவிட்டு அக்காவிடம் குனிந்தார். "பயமா இருக்கோ, அம்மா?"

அக்கா தலையாட்டினாள். சின்னம்மா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

டொக்டர் எழுதிக்கொடுத்த குளிசைகள் தொடங்கின. மெல்ல மெல்லத்தான் தேறினாள். நத்தாருக்கு வீட்டுக்கு வந்தபோது, இயேசு பாலன் குடிலில் வைத்திருந்த களிமண் ஆடுகளையெல்லாம் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டினாள். ஓர் ஆடும் மிஞ்சவில்லை. அப்பா ஏசவில்லை; விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அக்கா நம்பிச் சொன்னதைக் காட்டிக்கொடுத்தவளல்லவா நான்? பாவசங்கீர்த்தனத்தில் அதைத்தான் முதற்பாவமாகச் சொன்னேன். முழுக்கதையையும் கேட்ட சுவாமியார், "இது பாவமில்லைப் பிள்ளை," என்றார்.

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னேன்.