பாங்குக்கு முன்னால் விரித்த முசல்லா

நேரம் தெரியாமல் தொழுகிறவள் என்று போன ரஜப் மாதம் என் மேல் பழி விழுந்தது. சகோதரிகளே, உம்மா மௌத்தானபோதுகூட நான் அப்படி அழவில்லை.

நான் கொழும்புக்காரி. கல்யாணம் முடித்துக் கொல்கத்தா வந்து ஆறு வருஷம். டாலிகஞ்சில் எங்கள் வீட்டில் பதினோரு பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தேன். பாஷை அரைகுறையாய்த் தெரிந்த ஊரில் எனக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான். எங்கள் ஷாஃபிப் பிரிவு வழக்கத்தில் பிற்பகல் தொழுகையான அஸருக்கு நேரம் முன்னதாகவே வந்துவிடும். இங்கே ஹனஃபிப் பிரிவுப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்ல அதற்குப் பிறகும் வெகுநேரம் ஆகும். அன்று பிள்ளைகள் முன்னால் என் நேரப்படி தொழுதுவிட்டேன். அதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

பாங்குக்கு முன்னே தொழுதது தப்பு என்று மறுநாள் தாய்மார்கள் திரண்டு வந்துவிட்டார்கள். கூடவே நான் அக்காவாக நினைத்து ராத்தா என்று கூப்பிடும் மேல்வீட்டுக்காரர். பெயர் வேண்டாம். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்க்காரர், அவரும் ஷாஃபிதான். என் பக்கத்தில் நின்று எத்தனையோ நாள் முந்தித் தொழுதவர்.

"ராத்தா, நீங்க சொல்லுங்களேன்" என்றேன்.

"அதெல்லாம் சிலோன்காரங்க பழக்கம். எங்களுக்குத் தெரியாது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஹிந்தியில் சொன்னார்.

பிள்ளைகள் ஓத வருவதை நிறுத்திவிட்டார்கள். வந்தவர்கள் பேசியது வலிக்கவில்லை. என் தட்டில் சாப்பிட்டவர் கைவிட்டதுதான் வலித்தது. அவரும் முந்தித் தொழுகிறவர்தான் என்று குட்டைப் போட்டு உடைக்க எனக்கு ஒரு வார்த்தை போதும். தொழுகை விரிப்பான முசல்லாவில் விழுந்து கேட்டேன்: "யா அல்லாஹ், என் பிள்ளைகளைத் திருப்பிக் கொடு. அதற்காக அவரைக் காட்டிக்கொடுக்க வைத்துவிடாதே."

ஒன்பது நாள் அதே துஆ. பத்தாம் நாள் என்னிடம் ஓதிய ருக்ஸானாவும் அவள் தாயும் வாசலில் நின்றார்கள்.

"இவ வேற யார்கிட்டயும் ஓத மாட்டேங்கிறா ஆபா. இமாம் சாஹிப்கிட்ட போய்க் கேட்டேன். உங்க நேரமும் சரியான நேரம்தானாம். கேக்காம பேசிட்டோம்" என்றார் தாய், வங்காள மொழியில்.

அல்ஹம்துலில்லாஹ். எட்டுப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இப்போது இரண்டு நேரத்தையும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறேன். முன்பு ஊருக்குப் பயந்து சாத்திய ஜன்னலை இப்போது திறந்து வைத்தே தொழுகிறேன்.

மனசு முழுக்க ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ராத்தா படியில் பார்த்தால் தலை குனிந்து போகிறார். உங்களையும் உங்கள் ஆளே கைவிட்டால், ஊரிடம் போகுமுன் அல்லாஹ்விடம் போங்கள். அவன் கேட்பான்.

நேற்றும் பாங்குக்கு முன் முசல்லாவை விரித்தேன். மேலே ராத்தா ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவருக்கும் அதுதான் அஸர் நேரம். எங்கள் கட்டடத்தில் அதை இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.