கடைசிச் சோழர் எங்கே போனார்?

இது நடந்தது. உங்களை நம்பச் சொல்லவில்லை. வீரசிங்கம் நம்புகிறார். அது போதும்.

அம்பிட்டியவில் என் வீட்டு மாடியில் உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். அன்று சனிக்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. மின்சாரம் இல்லை. தொலைபேசியும் இல்லை. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். நான்கு மணிக்கு யசோதா வந்தாள். கண்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வீரசிங்கத்தின் ஒரே மகள். தாய் இல்லாத பிள்ளை.

கையில் குடை இல்லை. ஆனால் நனைந்திருக்கவில்லை.

"இந்த மழையில ஏம்மா வந்த?"

"பாடம் பாதியில நிக்குதே சேர்."

சோழப் பேரரசு ஏன் விழுந்தது என்ற பாடம். சொன்னேன். சிற்றரசர்கள் பெருத்தார்கள். பாண்டியர் எழுந்தார்கள். துணைக்கு வந்த போசளரே பிறகு பக்கம் மாறினார்கள்.

அவள் எழுதவில்லை. குனிந்தே இருந்தாள்... கூரை தலையில் இடிப்பதுபோல. அறையில் மண் வாசனை. மழை மண் அல்ல. வெட்டிய மண்.

"கடைசி ராஜா எங்க போனாரு சேர்?"

"தெரியாது. 1279க்குப் பிறகு கல்வெட்டே இல்லை."

"யாரும் தேடலையா?"

"தேட யாரு இருந்தா?"

யோசித்தாள்.

"எங்கப்பா தேடுவாரு."

டக்... டக்... சன்னல் அடித்தது.

திரும்பினேன்.

அவள் உட்கார்ந்திருந்த வாங்கு காலி.

படியில் காலடிச் சத்தமே கேட்கவில்லை.

மறுநாள் காலை வீரசிங்கம் வந்தார். இடுப்புவரை சேறு. அவர் வீட்டின்மேல் மலை சரிந்திருந்தது. ஊரார் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ள நேத்து வகுப்புக்கு வந்தாளா சேர்?"

"வந்தா. நாலு மணிக்கு."

"வீடு போனது ரெண்டு மணிக்கு!" அழுதுகொண்டே சிரித்தார். "அப்ப வெளியிலதான் இருந்திருக்கா!"

தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். முகாம்கள், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், கோயில்... திகன ஊர்வரை நடந்தே தேடினார்.

ஐந்தாம் நாள் மறுபடி தோண்டினார்கள். சமையலறை மேசைக்கடியில் இருந்தாள். குனிந்தபடி.

உயிர் உடனே போயிருக்கும் என்றார் வைத்தியர். எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வீரசிங்கம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சனிக்கிழமைகளில் வருகிறார். அவள் இருந்த இடத்தில் உட்காருகிறார்.

"கடைசியா என்ன சொன்னா சேர்?"

"பாடந்தான் கேட்டா."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லீங்க."